தஞ்சை ராமையாதாஸ்: சேலத்தில் தொடங்கிய சிரிப்புப் பாட்டு

"ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ வளைவைத் தாண்டித்தான் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். அங்கே பாட்டு எழுதியவர்கள் என்று கேட்டால் எல்லோரும் மருதகாசி, கண்ணதாசன் பெயரைச் சொல்கிறார்கள். எங்கள் தாத்தா மட்டும் தஞ்சை ராமையாதாஸும் சேலத்தில்தான் ஆரம்பித்தார் என்கிறார். 'ஜாலிலோ ஜிம்கானா' எழுதியவர்தானே அவர்? டப்பாங்குத்துப் பாட்டைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறார்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தாத்தா சொன்னது சரிதான் தம்பி. ராமையாதாஸின் சினிமாக் கணக்கு சேலத்தில்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரு சிரிப்புப் பாட்டோடு. இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. "டப்பாங்குத்துக் கவிஞர்" என்று ஒரு பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால் அவருடைய மற்ற பாட்டுகளைக் கேட்கிறவர்கள்கூட அவை அவருடையவை என்று தெரியாமலே கேட்கிறார்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன்: அவர் சினிமாவுக்குள் நாடக வாத்தியாராக நுழைந்தவர், கடைசிவரை வாத்தியாராகவே எழுதியவர். இது மனதில் இருந்தால் சிரிப்புப் பாட்டு, காதல் பாட்டு, வசனம் எல்லாம் ஒரே கை எழுதியது என்பது விளங்கும்.

தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் 1914இல் பிறந்தவர். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் படித்துப் புலவர் பட்டம் வாங்கியவர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 'ஜாலிலோ ஜிம்கானா' பாட்டில் "டோலிலோ கும்கானா" என்று எழுதிய மனிதர் யாப்பும் அணியும் முறையாகப் படித்தவர். கரந்தை என்றால் தமிழில் வடமொழி கலந்தாலே முகம் சுளித்த இடம். அங்கே படித்துவிட்டு, கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைதான் வாத்தியார்.

அந்தக் காலத்து நாடகக் கம்பெனியில் வாத்தியார் என்றால் என்ன வேலை என்று இப்போது பலருக்குத் தெரியாது. கதையை அமைப்பார், வசனம் எழுதுவார், பாட்டு கட்டுவார். பையன்களை உட்கார வைத்து வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். யாருக்கு எந்தச் சுருதி, யாருக்கு மூச்சு நிற்கும், யாருக்கு 'ழ' வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ராஜா வேஷம் போடும் ராஜபார்ட்டுக்கு ஒரு மாதிரி எழுத வேண்டும், சிரிக்க வைக்கும் பபூனுக்கு வேறு மாதிரி. பபூனுக்கு எழுதுவதுதான் கஷ்டம். ராஜபார்ட் பாட்டு சுமாராக இருந்தாலும் குரல் தூக்கி நிறுத்திவிடும். பபூன் பாட்டில் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் கூட்டம் அங்கேயே கைவிட்டுவிடும். அந்தத் தீர்ப்பை இரவுக்கிரவு நேருக்கு நேர் பார்த்துக் கற்றவர் ராமையாதாஸ். அப்புறம் சொந்தமாகவே ஒரு நாடகக் குழு வைத்து ஊர் ஊராக நாடகம் போட்டார். அவருடைய 'மச்சரேகை' நாடகம் பின்னால், 1950இல், டி.ஆர். மகாலிங்கம் நடிக்கப் படமாகவே வந்தது.

அப்படி ஊர் ஊராகப் போனவருக்குச் சேலத்தில் கதவு திறந்தது. திறந்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர், திரும்பி வந்து ஏற்காட்டு அடிவாரத்தில் ஸ்டூடியோ கட்டினார். முதல் படம் 'சதி அகல்யா' 1937இல் வந்தது. மறுவருஷம் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கே எடுத்ததுதான். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவர் 'முதலாளி'. நடிகர்களும் கலைஞர்களும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். சென்னைக்குப் போகாமலே கதை, பாட்டு, படப்பிடிப்பு என்று ஒரு படத்தை இங்கேயே முடித்துவிடும் ஏற்பாடு.

சுந்தரத்தின் 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' 1947இல் வந்தது. கேள்வி கேட்டு, பதில் தெரியாதவன் தலையை வாங்கும் இளவரசியாக வி.என். ஜானகி. கதாநாயகன் பி.எஸ். கோவிந்தன். இசை ஜி. ராமநாதன். தலை வெட்டும் கதைக்கு நடுவே ஜனங்கள் மூச்சுவிட ஒரு இடம் வேண்டுமே, அதற்குக் காளி என். ரத்தினமும் சி.டி. ராஜகாந்தமும். இந்தப் படத்துக்குத்தான் ராமையாதாஸ் "வச்சேன்னா வச்சதுதான் புள்ளி" என்ற பாட்டை எழுதினார். அதுதான் அவருக்கு முதல் சினிமாப் பாட்டு.

அந்த வரியை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலக்கியம் படித்தவர் எழுத உட்கார்ந்தால் இப்படி எழுத மாட்டார். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் இரண்டு பேர் வாய்ச்சவடால் விட்டால் இப்படித்தான் வரும். 'வச்சேன்னா வச்சதுதான்' என்பதில் சவடாலும் இருக்கிறது, தாளமும் இருக்கிறது. 'ச்' இரண்டு முறை தட்டுகிறது, 'புள்ளி'யில் வந்து நிற்கிறது. தபேலாக்காரர் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை, வாசிக்க வேண்டியது வரியிலேயே இருக்கிறது. காளி என். ரத்தினமும் நாடகக் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர்தான். சிறுவர்கள் நடித்த பாய்ஸ் நாடகக் கம்பெனியில் எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர். ஆக, ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாருக்கு எழுதிய பாட்டு அது.

அந்தக் காலப் படங்களில் நகைச்சுவை தனி வண்டியாக ஓடும். கதாநாயகன் கதை ஒரு பக்கம், சிரிப்பு ஜோடி கதை ஒரு பக்கம். அந்த ஜோடிக்குப் பாட்டும் தனி. இந்த முறையைப் பெரிதாக வளர்த்தவர் என்.எஸ். கிருஷ்ணன். அவருக்குப் பக்கபலமாக எழுதியவர் உடுமலை நாராயண கவி. உடுமலையார் சிரிக்க வைத்துக்கொண்டே சீர்திருத்தம் சொல்வார். ராமையாதாஸ் வேறு வழி. அவர் பாட்டில் உபதேசம் குறைவு, வாய்க்கு ருசி அதிகம். ஆனால் 'சிங்காரி'யில் (1951) அவர் எழுதிய "ஒரு சாண் வயிறே இல்லாட்டா" பாட்டைக் கேட்டவர்கள் அவரை வெறும் வேடிக்கைக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். வயிறு மட்டும் இல்லாவிட்டால் உலகத்தில் ஏது கலாட்டா என்று போகும் பாட்டு. பசியைப் பற்றி அழுது எழுதியவர்கள் நிறையப் பேர். பசியைப் பற்றி ஒரு பபூன் பாடினால் எப்படிப் பாடுவான் என்று யோசித்து எழுதியவர் இவர்.

சேலம் கதவைத் திறந்துவிட்டது. வீடு கட்டிக் கொடுத்தது விஜயா படநிறுவனம். நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே கதையைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தெலுங்கில் பிங்கலி நாகேந்திர ராவ் எழுதுவார். தமிழுக்கு ஆள் ராமையாதாஸ். 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957) என்று வரிசையாக அவர் பெயர் வருகிறது. "அமைதியில்லாதென் மனமே", "வாராயோ வெண்ணிலாவே", "பிருந்தாவனமும் நந்தகுமாரனும்", "எனையாளும் மேரி மாதா", "ஆஹா இன்ப நிலாவினிலே" எல்லாம் இவர் எழுதியவை. இந்தப் பாட்டுகளை முணுமுணுக்காத தமிழ்க் குடும்பம் எங்கே இருக்கிறது? ஆனால் எழுதியவர் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் கண்ணதாசன் என்று சொல்லிவிடுவார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மெட்டு ஏற்கெனவே தயார். படம் எடுக்கும் முறையும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நடிகர் எந்த இடத்தில் வாயைத் திறப்பார், எந்த இடத்தில் இழுப்பார், எந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பார் என்பது தெலுங்குக்கும் தமிழுக்கும் ஒன்றுதான். அந்தச் சட்டத்துக்குள் தமிழ் தமிழாகவே இருக்க வேண்டும். சாவித்திரி இரண்டு மொழியிலும் நடிக்கிறார், ஆனால் தமிழ் ரசிகருக்கு இது தெலுங்கிலிருந்து வந்தது என்ற நினைப்பே வரக்கூடாது. 'மிஸ்ஸியம்மா'வின் "வாராயோ வெண்ணிலாவே" பாட்டில் நடப்பது என்ன? வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு பேர், நிலாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்கிறார்கள். அவர் ஒன்று சொல்ல, இவர் திருப்பிக் கொடுக்க, சண்டை போடப் போட நெருக்கம் கூடுகிறது. ஏ.எம். ராஜாவின் குரல் பூப்போல இருப்பதால் நாம் அதைக் காதல் பாட்டு என்று வைத்துக்கொண்டோம். அமைப்பைப் பாருங்கள், அது தர்க்கப் பாட்டு. கூத்திலும் நாடகத்திலும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று வாதாடும் அந்தப் பழைய முறையே எஸ். ராஜேஸ்வர ராவின் மெல்லிசைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாடக வாத்தியாருக்கு அது கைவந்த கலை.

இப்போது 'மாயா பஜார்' படத்தில் அவர் எழுதிய "கல்யாண சமையல் சாதம்". எங்கள் குடும்பம் அம்மாபேட்டையில் மைக் செட் தொழில் செய்தது. அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குப் பாட்டுகளுக்கு நேரம் உண்டு. விடியற்காலையில் பக்திப் பாட்டு, பெண் அழைப்புக்கு ஒரு பாட்டு, பந்தி போட்டால் இது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைக்கிற நேரத்தில் ஊசியை மாற்றி இசைத்தட்டில் வைத்தால், திருச்சி லோகநாதனின் குரல் பந்தலைத் தூக்கும். அந்தச் சிரிப்பு வரும்போது பந்தியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர்கூடச் சும்மா இருக்க மாட்டார். பரிமாறுகிறவர்கள் நடையே அந்தத் தாளத்துக்கு மாறிவிடும். சாம்பார் வாளிக்காரர் இரண்டு இலைக்கு ஒரு அடி என்று போவார். தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடும். முடிந்ததும் "இன்னொரு தரம் போடுங்க" என்று சமையல்கட்டுப் பக்கமிருந்து சத்தம் வரும்.

அதில் என்ன வேலைப்பாடு இருக்கிறது என்று பார்ப்போம். கடோத்கஜன் ராட்சசன். எஸ்.வி. ரங்காராவ் அந்தப் பெரிய உடம்போடு கல்யாணச் சமையல் முழுவதையும் தனியாக உட்கார்ந்து காலி செய்கிறார். மகாபாரதக் காலத்துக் கல்யாணம். ஆனால் இலையில் இருப்பது என்ன? பஜ்ஜி, சொஜ்ஜி, புளியோதரை, சாம்பார், பூரி கிழங்கு! துவாரகையிலோ அஸ்தினாபுரத்திலோ இருக்க முடியாத பண்டம் எல்லாம் இருக்கிறது. பஜ்ஜியும் சொஜ்ஜியும் எங்கே சேர்ந்து வரும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம். பெண் பார்க்கப் போன வீட்டில் வரும். நடக்கப் போகிற கல்யாணத்தைக் கெடுக்க வந்த ராட்சசன் வாயில் அந்த இரண்டு பண்டத்தை ராமையாதாஸ் வைத்திருக்கிறார். தெலுங்கு மெட்டும் தெலுங்குச் சிரிப்பும் அப்படியே இருக்க, சாப்பாடு முழுக்க நம் ஊர் சாப்பாடு. பாட்டில் உவமை கிடையாது, தத்துவம் கிடையாது, பண்டங்களின் பெயர்தான் வரிசையாக வருகிறது. பெயர்களை அடுக்கியே சிரிக்க வைப்பதற்கு, எந்தப் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் நின்றால் எச்சிலும் ஊறி எதுகையும் விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். அறுபது வருஷம் தாண்டியும் பந்தியில் இந்தப் பாட்டு நிற்கிறது என்றால் அது தற்செயல் இல்லை.

சரி, 'ஜாலிலோ ஜிம்கானா'வுக்கு வருவோம். 'அமரதீபம்' (1956) படத்தில் ஜிக்கி பாடியது. அந்தப் பாட்டை வைத்துத்தான் பலர் அவரைக் குறைத்துப் பேசுகிறார்கள். அர்த்தமில்லாத வார்த்தைகளைக் கொண்டுவந்து தமிழைக் கெடுத்தார் என்பது புகார். எனக்கு இதில் சம்மதமில்லை. தெம்மாங்கில் தன்னானே தானே என்ன அர்த்தம் சொல்கிறது? ஏலேலோவுக்கு அகராதியில் பொருள் தேடுகிறோமா? உழைக்கிறவன் மூச்சு வாங்க, ஆடுகிறவள் காலை எடுத்து வைக்க, தமிழில் எப்போதும் இந்த ஓசைச் சொற்கள் இருந்திருக்கின்றன. ராமையாதாஸ் செய்தது அதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனது. 1950களில் கிளப்பும் டான்ஸும் சினிமாவுக்குள் வந்தபோது அந்த ஆட்டத்துக்குத் தன்னானே பொருந்தாது. அதற்குப் பொருந்துகிற ஓசையை அவர் கட்டிக் கொடுத்தார். 'குலேபகாவலி'யில் (1955) "சொக்கா போட்ட நவாபு" பாட்டும் அதே வகை. அதையும் ஜிக்கிதான் பாடினார். அந்தப் படத்துக்கு வசனமும் ராமையாதாஸ்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வசனத்தில் சண்டை, பாட்டில் கேலி, இரண்டையும் ஒரே ஆள் எழுதும்போது கதைக்குள் பாட்டு துருத்திக்கொண்டு நிற்காது.

'குலேபகாவலி' பற்றிச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். "மயக்கும் மாலைப் பொழுதே நீ போ போ" பாட்டையும் பலர் ராமையாதாஸ் கணக்கில் எழுதுகிறார்கள். அது எழுத்தாளர் விந்தன் எழுதியது. பழைய படங்களில் இந்தக் குழப்பம் அதிகம். டைட்டிலில் பாடலாசிரியர்கள் பெயரை மொத்தமாகப் போட்டுவிடுவார்கள், எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். இசைத்தட்டில் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் இருக்கும், எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் கிடைத்தால் ஓரளவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களிலும் இதே கதைதான். 'மந்திரி குமாரி' (1950) பாட்டுகளுக்கு மருதகாசி, கா.மு. ஷெரீப் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். இணையத்தில் பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டு போகாமல் இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள் தம்பி.

சேலத்து ஸ்டூடியோவுக்கு ராமையாதாஸுக்குப் பிறகு வந்தவர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருதகாசி 1949இல் 'மாயாவதி' படத்தில் தொடங்கினார். அவரும் கும்பகோணத்தில் நாடகங்களுக்குப் பாட்டு எழுதிவிட்டு வந்தவர்தான். 'அலிபாபா'வில் "மாசில்லா உண்மைக் காதலே" அவருடையது. கண்ணதாசன் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய 'சண்டமாருதம்' பத்திரிகையில் வேலை பார்த்தார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 'பாசவலை'க்கு (1956) எழுதினார். இவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, விழா எடுக்கிறார்கள், புத்தகம் போடுகிறார்கள். மருதகாசிக்கு மண், பட்டுக்கோட்டைக்கு உழைப்பு, கண்ணதாசனுக்கு வாழ்க்கைத் தத்துவம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ராமையாதாஸுக்கு அப்படி ஒரு கொடி கிடையாது. அவர் எந்தப் பாத்திரத்துக்கு எழுதினாரோ அந்தப் பாத்திரமாக மாறிவிட்டார். ராட்சசனுக்கு ராட்சசன் பாட்டு, மேரி மாதாவிடம் மன்றாடும் பெண்ணுக்கு அவளுடைய பாட்டு. தன் குரலை எங்கும் தனியாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாடக வாத்தியார் திரைக்குப் பின்னால்தான் நிற்பார். அவர் மறக்கப்பட்டதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிற்காலம் அவ்வளவு சுகமாக இல்லை. நாடகத்தில் சொந்தக் குழு வைத்தவருக்கு சினிமாவிலும் சொந்தப் படம் எடுக்க ஆசை வந்தது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கி, அவர் விலகிக்கொள்ள, சிவாஜி கணேசனை வைத்து 'ராணி லலிதாங்கி' என்று 1957இல் கொண்டுவந்தார். அப்புறம் காலமும் மாறியது. தனி வண்டியாக ஓடிய நகைச்சுவை, கதைக்குள்ளேயே கலக்கத் தொடங்கியது. சந்திரபாபு போன்றவர்கள் தாங்களே பாடி ஆடும் பாட்டுகளில் சிரிப்போடு சோகமும் சேர்ந்துகொண்டது, அவற்றைக் கண்ணதாசனும் மற்றவர்களும் எழுதினார்கள். 1965 ஜனவரி 15 அன்று ராமையாதாஸ் காலமானார். வயது ஐம்பதுதான்.

கேட்க ஆரம்பிப்பதென்றால் 'மாயா பஜா'ரில் தொடங்குங்கள். "ஆஹா இன்ப நிலாவினிலே" பாட்டையும் "கல்யாண சமையல் சாதம்" பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கண்டசாலாவும் பி. லீலாவும் படகில் மிதந்து பாடுவது ஒன்று, லோகநாதன் வயிறு குலுங்கச் சிரிப்பது இன்னொன்று. அப்புறம் 'மிஸ்ஸியம்மா' முழுக்க. அதற்குப் பிறகு 'அமரதீபம்' பாட்டைக் கேட்டால் காது வேறு மாதிரி கேட்கும். 'அபூர்வ சிந்தாமணி'யைப் படமாகவே பாருங்கள். ரத்தினமும் ராஜகாந்தமும் வரும் காட்சிகளை ஓட்டிவிடாமல் பாருங்கள். தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால வசனத்தில் உங்களுக்குப் புரியாத கேலி எல்லாம் அவருக்குப் புரியும்.